படம் பார்த்தோம், கருத்துச் சொன்னோமா?



தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு விழா மலரில் திரைப்படங்களைப் பற்றி எழுதுவது பொருந்துமா எனச் சிலர் வினவக்கூடும். திருக்குறளும் ஆத்திசூடியும் இருக்கவேண்டிய இடத்தில் சினிமாவுக்கு என்ன வேலை என்று முகஞ்சுளிப்போரும் இருக்கலாம். ஆயினும் கண்முன்னே உள்ள உண்மையை நாம் மறைத்தலாகாது. இச் சுவிஸ் நாட்டில் எமது பிள்ளைகள் வாரத்தில் ஓரிரு மணி நேரமே எம்மிடம் வந்து தமிழ் கற்கின்றனர். வீடுகளிலோ வெள்ளிக்கிழமை இரவு தொடங்கி ஞாயிறு மாலை வரையில் ஏதோவொரு தமிழ்ப் படம் ஓடிக்கொண்டிருக்கிறது. பெற்றோரின் பேச்சுக்கு அடுத்தபடியாகப் பிள்ளையின் செவியில் விழும் தமிழ், திரைப்படத்தின் தமிழே. அதனைக் காணாதது போல் நாம் கற்பிப்பது, அடுப்பைப் பாராமல் சமைப்பதற்கு ஒப்பாகும்.

எமது மேற்பிரிவு மாணவர்களிடம், “கடந்த வாரம் என்ன படம் பார்த்தீர்கள்? எப்படி இருந்தது?” என்று அடிக்கடி கேட்பது எம் வழக்கம். “நல்லம்”, “சூப்பர்”, “சரியில்லை” என்று ஒரு சொல்லில் விடை வரும். “ஏன் சரியில்லை?” என்று கேட்டால் மௌனம். சற்றுப் பொறுத்து, அம் மாணவர் அருகிலிருக்கும் நண்பரின் பக்கம் திரும்பி ஜேர்மன் மொழியில் காரணங்களை அடுக்குவார். கதை எங்கே தொய்ந்தது, எந்தப் பாத்திரம் நம்பும்படி இல்லை, முடிவு எதனால் பொருந்தவில்லை என்பனவெல்லாம் மிகத் தெளிவாகவும் நுட்பமாகவும் வெளிவரும். நல்ல அறிவு, கூரிய பார்வை, நேர்மையான மறுப்பு யாவும் அவரிடம் உண்டு. அவை தமிழில் மட்டும் இல்லை.

இதுவே எம்மை வருத்துவது. பொங்கலைப் பற்றியும் பசுவைப் பற்றியும் பத்து வசனம் எழுதி நிறைந்த புள்ளிகள் பெறும் பிள்ளைக்கு, தான் விரும்பாத ஒன்றை ஏன் விரும்பவில்லை என்று தாய்மொழியில் சொல்ல இயலவில்லை. வீட்டில் நாம் பிள்ளையோடு பேசும் தமிழைச் சற்று எண்ணிப் பாருங்கள். வா, சாப்பிடு, படி, படு, கைத்தொலைபேசியை வை. பிள்ளை தரும் விடைகளோ ஓம், இல்லை, பிறகு. ஏவலும் விடையுமாகச் சுருங்கிய மொழியில் பாசம் ஓரளவு வாழலாம். கருத்து வாழாது. நாளை அப்பிள்ளை தன் படிப்பைப் பற்றியும் தொழிலைப் பற்றியும் திருமணத்தைப் பற்றியும் எம்மோடு முரண்பட நேரும். அன்று முரண்படுவதற்குத் தமிழ் இல்லையெனில் அது வாய்மூடி விலகிச் செல்லும். எம்மோடு வாதிடத் தெரிந்த பிள்ளையே எம்மோடு நெடுங்காலம் பேசிக்கொண்டிருக்கும் பிள்ளை.

இதற்கான பயிற்சியை எங்கே தொடங்குவது? பெரிய விடயங்களில் தொடங்கினால் சண்டையில் முடியும். திரைப்படத்தில் தொடங்கினால் எவருக்கும் நட்டமில்லை. ஆதலின் அண்மையில் நாம் பார்த்த சில படங்களை, பழையனவும் புதியனவுமாக எடுத்து, எமது அபிப்பிராயத்தை இங்கு கூறுகின்றோம். உடன்படாதோர் தாராளமாக மறுத்துரைக்கலாம். மறுத்துரைக்க வேண்டும் என்பதே எமது விருப்பம்.

முதலில் ஏ. பி. நாகராஜன் இயக்கிய ‘திருவிளையாடல்’ (1965). பெற்றோர் பலருக்கு இது பக்திப் படம். பிள்ளைகளுக்கு இது நாகேஷின் படம். வறிய புலவன் தருமியாக அவர் புலம்பும் காட்சியில் ஏழு வயதுப் பிள்ளையும் சிரிப்பதைக் கண்டோம். அரைவாசிச் சொற்கள் விளங்காமலே அப்பிள்ளை சிரித்தது. ஆயினும் எமது வகுப்புக்கு உகந்தது அதன் பின்வரும் நக்கீரர் காட்சியே. கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்ற பாண்டியனின் ஐயத்துக்கு விடையாக இறைவன் தருமியிடம் கொடுத்தனுப்பியதாகக் கூறப்படும் பாடல், குறுந்தொகையின் இரண்டாம் பாடலாக இன்றும் எம் கையில் இருக்கிறது. அப்பாடலில் பொருட்குற்றம் உண்டு என்கிறார் நக்கீரர். எழுதியவன் இறைவனே என்று அறிந்த பின்னரும், நெற்றிக்கண்ணைத் திறந்த பின்னரும், அவர் தம் கருத்தை மாற்றவில்லை. அப்பாத்திரத்தில் இயக்குநர் நாகராஜனே நடித்துள்ளார்.

இக்கதையைப் பெருமையோடு பிள்ளைக்குச் சொல்லும் அதே தந்தை, “அப்பா, இந்தப் படம் நாடகம் மாதிரி இருக்கிறது” என்று பிள்ளை சொன்னால் என்ன சொல்கிறார்? “உனக்கு என்ன தெரியும்? சிவாஜியைப் பற்றிப் பேசாதே” என்கிறார். கடவுளோடு வாதிட்ட புலவனைப் போற்றும் எமது இனத்தில், வரவேற்பறையில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு நடிகரைப் பற்றிக்கூட மறுத்துப் பேச இடமில்லை. எமது கருத்தையும் சொல்லிவிடுகின்றோம். ‘திருவிளையாடல்’ நாடகம் போன்றதே. அரங்கு, ஒப்பனை, நேரே நின்று பேசுதல் யாவும் நாடக மரபிலிருந்து வந்தவை. பிள்ளை கண்டுபிடித்தது குற்றமன்று, ஓர் உண்மை. அதற்குக் காரணம் சொல்வது பெரியோரின் கடன்.

அடுத்து ‘பராசக்தி’ (1952). கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில், மு. கருணாநிதியின் வசனத்தில், சிவாஜி கணேசனும் எஸ். எஸ். இராஜேந்திரனும் திரையில் அறிமுகமான படம். நீதிமன்றக் காட்சியை மனப்பாடமாக ஒப்புவிக்கும் பெற்றோர் எம்மிடையே இன்றும் உளர். அவர்களும் பெரும்பாலும் மறந்துவிட்ட ஒன்று, இது அகதிகளின் கதை என்பது. மூன்று சகோதரர்கள் இரங்கூனில் வாழ்கின்றனர். தங்கையின் திருமணத்துக்குச் செல்ல யுத்தம் தடையாகிறது. குண்டு விழுகிறது. இளையவன் கப்பலில் முன்னரே செல்ல, மற்றைய இருவரும் பிற்பாடு கால்நடையாகப் புறப்பட்டு வழியில் ஒருவரையொருவர் தவறவிடுகின்றனர். ஒருவன் காலை இழக்கிறான். இது கற்பனை மாத்திரமன்று. 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் இரங்கூன்மீது குண்டு வீசியபின், இலட்சக்கணக்கான இந்தியர் பர்மாவை விட்டு ஓடினர். அவர்களுள் தமிழர் பெருந்தொகையினர். காட்டு வழியில் பசியாலும் நோயாலும் மாண்டோர் பலர்.

படம் பற்றிய எமது அபிப்பிராயம் இதுவே. வசனம் மிக நீண்டது. துன்பத்தின்மேல் துன்பம் சுமத்தப்படுவதால் ஒரு கட்டத்தில் மனம் மரத்துப் போகிறது. குணசேகரனின் பேச்சை நினைவில் வைத்திருக்கும் நாம், எவருடைய துயருக்காக அவன் பேசினானோ அந்தக் கல்யாணியை மறந்துவிடுகின்றோம். இருந்தும் தமிழ் கற்கும் பிள்ளைக்கு இப்படம் ஒரு கொடை. லகர, ளகர, ழகரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே செவியில் விழுகின்றன. இன்றைய படங்களில் பின்னணி இசையைத் தாண்டி ஒரு சொல் காதுக்கு எட்டுவதே அரிதாயிருக்கையில், இதில் ஓர் எழுத்தும் வீணாகவில்லை.

வசனம் குறைந்த படம் வேண்டுமென்போருக்குப் பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) உண்டு. மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்து, இந்தியா சென்று, ஒளிப்பதிவிலும் இயக்கத்திலும் தமக்கெனத் தனி வழி கண்டவர் அவர். இப்படத்தில் ஒரு பாடலும் இல்லை. சண்டையும் இல்லை. வாடகை வீட்டை விட்டு வெளியேற வேண்டிய சுதா என்னும் பெண், முதிய தாத்தாவையும் தங்கையையும் வைத்துக்கொண்டு சென்னையில் ஒரு சிறிய வீட்டைக் கட்ட முயல்கிறாள். கடன், நகை விற்பனை, சீமெந்தில் களவு, அரச அலுவலகத்தின் கதவுகள் என்று கதை மெல்ல நகர்கிறது. சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. தாத்தாவாக நடித்த சொக்கலிங்க பாகவதர், கட்டி முடியாத வீட்டைத் தனியே பார்க்கச் செல்லும் காட்சிக்கு இணையாக நாம் வேறொன்றைக் கண்டதில்லை.

“இதில் ஒன்றுமே நடக்கவில்லையே” என்று ஒரு மாணவர் குறைப்பட்டார். அது மதிக்கத்தக்க கருத்து. அப்போது, பெற்றோர் ஏன் இப்படத்தைப் பார்த்துக் கண்ணீர் விடுகின்றனர் என்று வீட்டில் கேட்டு வரும்படி சொன்னோம். அடுத்த வாரம் அவர் கொண்டுவந்த விடை படத்தைப் பற்றியது அன்று. ஊரில் தம் தந்தையார் கட்டிய வீட்டைப் பற்றியது. எத்தனை அறைகள், எந்த ஆண்டு கூரை போட்டார்கள், எந்த ஆண்டு அதனை விட்டு நடந்தார்கள் என்பதையெல்லாம் அவர் தமிழில் எழுதி வந்திருந்தார். பதினான்கு வயது வரையில் தமக்கு அது தெரியாது என்றார். ஒரு படத்தைப் பிடிக்கவில்லை என்று சொன்னதால் அவருக்குக் கிடைத்த செய்தி அது.

அகதி வாழ்வை நேரே பேசும் படங்களும் உண்டு. பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஓடியாரின் ‘தீபன்’ 2015 இல் கான் திரைப்பட விழாவின் அதியுயர் விருதாகிய தங்கப் பனையைப் பெற்றது. பெரும்பகுதி தமிழிலேயே பேசப்படும் படம் ஒன்று அம்மேடையேறியது சிறு விடயமன்று. ஈழத்து எழுத்தாளர் ஷோபாசக்தி அதில் தலைமைப் பாத்திரமேற்றார். முன்பின் அறியாத ஓர் ஆணும் பெண்ணும் சிறுமியும், இறந்தவர்களின் கடவுச்சீட்டில் ஒரு குடும்பமாக நடித்துப் பிரான்சை அடைகின்றனர். படத்தின் முற்பகுதி உண்மையின் வாசனை கொண்டது. பாடசாலைக்குச் செல்லும் சிறுமி பெரியோருக்கு மொழிபெயர்ப்பாளராகிவிடும் நிலையை எம்முள் அறியாதார் யார்? வைத்தியரிடமும் நகரசபையிலும் எம் பிள்ளைகளின் வாயாலேயே நாம் பேசி வந்திருக்கின்றோம். பிற்பகுதியில் துப்பாக்கி வெடிக்கத் தொடங்கியதும் படம் தன் பாதையை விட்டு வேறு பாதையிற் செல்கிறது என்பது எமது கருத்து. யுத்தத்தில் இருந்து வந்தவன் மீண்டும் யுத்தம் செய்தே மனிதனாக வேண்டுமா? விருதுக் குழுவோடு இதில் நாம் மாறுபடுகின்றோம். இது சிறுவர்க்குரிய படமன்று என்பதையும் பெற்றோர் கவனத்திற் கொள்க.

இறுதியாக 2025 மே மாதம் வெளியான ‘டூரிஸ்ட் ஃபேமிலி’. அபிஷன் ஜீவிந்த் இயக்கிய முதற்படம். சசிகுமாரும் சிம்ரனும் நடித்தது. இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் வாழ வழியற்ற ஒரு குடும்பம் படகேறி இராமேசுவரம் சென்று, சென்னையில் தம்மை மறைத்து வாழ்கிறது. அவர்களை முதலிற் காட்டிக்கொடுக்கக் கூடியது அவர்களது தமிழே. ஆகவே ஈழத்துப் பேச்சை அடக்கிக்கொள்ளும்படி அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. தமிழை மறைத்துத் தமிழரிடையே வாழவேண்டிய அந்நிலையைச் சிரிப்பாகவும் வருத்தமாகவும் படம் காட்டுகிறது. அயலவர்களின் அன்பே அதன் உயிர்.

குறையும் உண்டு. படத்தில் ஏறத்தாழ எல்லோரும் நல்லவர்கள். தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் எம்மவர் பல்லாண்டுகள் வாழ்ந்த வாழ்வு அத்தனை இனிமையானதன்று. ஆயினும் எமது வகுப்பில் இப்படத்தால் விளைந்த நன்மையை நாம் மறவோம். நடிகர்களின் ஈழத்து உச்சரிப்பைக் கேட்ட மாணவர்கள், “சேர், இந்தச் சொல்லை அம்மம்மா இப்படிச் சொல்லமாட்டா” என்று ஒவ்வொன்றாகப் பிழை பிடித்தனர். 2000 இல் வந்த ‘தெனாலி’யில் கமல்ஹாசன் பேசிய யாழ்ப்பாணத் தமிழையும் எடுத்து ஒப்பிட்டனர். தமக்குத் தமிழ் வராது என்று நாணியிருந்த பிள்ளைகள் அன்று பரீட்சகர்களாக அமர்ந்திருந்தனர். வீட்டிற் கேட்ட பேச்சு தம்முள் ஓர் அளவுகோலாக நிற்பதை அவர்கள் தாமே கண்டுகொண்டனர்.

இனி, கருத்துச் சொல்லச் சொற்கள் வேண்டுமே என்பீர்கள். “சூப்பர்” என்ற ஒரு சொல்லால் எத்தனை உணர்வுகளைச் சுமக்க முடியும்? இதற்கு நாம் தொல்காப்பியத்தையே நாடினோம். மெய்ப்பாட்டியல் எட்டு உணர்வுகளை வகுத்துத் தருகிறது. அகரவரிசையில் சொல்வதாயின் அச்சம், அழுகை, இளிவரல், உவகை, நகை, பெருமிதம், மருட்கை, வெகுளி என்பன அவை. மருட்கை என்றால் வியப்பு. வெகுளி என்றால் கோபம். இளிவரல் என்பது தாழ்ந்துபோனோம் என்ற உணர்வு. ஒவ்வொன்றும் எவ்வெவற்றால் பிறக்கும் என்றும் அந்நூல் கூறும். கல்வியாலும் அஞ்சாமையாலும் பெருமிதம் பிறக்கும் என்பது அதிலொன்று. “நக்கீரரிடம் இருந்தது கோபமா, பெருமிதமா?” என்று கேட்டபோது வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. மூப்பினால் இளிவரல் பிறக்கும் என்பதை விளக்க, ‘வீடு’ தாத்தாவே போதுமாயிருந்தார். ஈராயிரம் ஆண்டு பழமை வாய்ந்ததெனப் போற்றும் நூலை அலுமாரியில் வைத்துக் கும்பிடுவதிலும், அதைக்கொண்டு நேற்றுப் பார்த்த படத்தைப் பேசுவது மேலானதென்று நாம் எண்ணுகின்றோம்.

சினிமா தமிழைக் கெடுக்கிறது என்ற குற்றச்சாட்டை நாம் ஒதுக்கவில்லை. தமிழ்ப் பெயர் சூட்டினால் கேளிக்கை வரி இல்லை என்று தமிழ்நாட்டு அரசு 2006 இல் அறிவிக்க வேண்டி வந்தது என்றால் நிலைமை விளங்கும். தமிழ்ப் பேச்சையே பொருளாகக் கொண்ட ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யின் பெயரில் தமிழ்ச் சொல் ஒன்றேனும் இல்லை. இரத்தம் தெறிக்கும் படங்களும் பெண்களை இழிவாகக் காட்டும் படங்களும் மலிந்துள்ளன. ஆனால் பிள்ளை அவற்றைப் பாராமல் இருக்கப் போவதில்லை. நாம் அருகில் இல்லாதபோது தன் அறையில், கைத்தொலைபேசியில், அது பார்த்தே தீரும். தடை செய்யும் ஆற்றல் எமக்கில்லாத இடத்தில், தரம் பிரிக்கும் ஆற்றலைப் பிள்ளைக்குக் கொடுப்பதே வழி.

1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத ஆண்டுகளில், மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றரையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் வாடகைக்கு எடுத்து, அயலெல்லாம் ஒரே முற்றத்தில் இருந்து படம் பார்த்ததை எம் வயதினர் அறிவர். படம் விடியுமுன் முடிந்துவிடும். அதைப்பற்றிய வாதம் ஒரு கிழமைக்கு முடியாது. கிணற்றடியிலும் வாசிகசாலைத் திண்ணையிலும் பெரியோர் வாதிட்டதைக் கேட்டே, ஒரு கருத்தை எப்படி நிறுவுவது, எதிராளியை மனம் நோகாமல் எப்படி மறுப்பது என்பதைச் சிறுவர் கற்றுக்கொண்டனர். இங்கு நால்வர் உள்ள வீட்டில் நான்கு திரைகள். படங்கள் பெருகிவிட்டன. திண்ணை மட்டும் இல்லை.

அத்திண்ணையை மீண்டும் அமைக்கச் சில யோசனைகளைப் பெற்றோர் முன் வைக்கின்றோம். மாதத்தில் ஒரு படத்தையேனும் குடும்பமாக இருந்து பாருங்கள். ஒரு மாதம் பெற்றோரும் மறு மாதம் பிள்ளைகளும் படத்தைத் தெரிவு செய்யட்டும். முதற் பதினைந்து நிமிடங்களுக்காவது திரையின் கீழே ஓடும் ஜேர்மன், ஆங்கில எழுத்துகளை நிறுத்தி வையுங்கள். விளங்காத சொல்லைக் கேட்டால் படத்தை நிறுத்திப் பொருள் சொல்லுங்கள். படம் முடிந்ததும், எந்தக் காட்சி பிடித்தது, எது பிடிக்கவில்லை, நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று மூன்று வினாக்களைக் கேளுங்கள். பிள்ளை தடுமாறி ஜேர்மன் சொல்லைக் கலந்தால் ஏசாதீர்கள். அச்சொல்லுக்குரிய தமிழை எடுத்துக் கொடுங்கள். எல்லாவற்றிலும் முக்கியமானது, பெற்றோர் தம் கருத்தைக் கடைசியாகச் சொல்லுதல் வேண்டும். நாம் முதலிற் சொல்லிவிட்டால் பிள்ளை “ஓம்” என்று தலையாட்டிவிட்டு எழுந்து போய்விடும்.

பாடசாலையும் தன் பங்கைச் செய்யலாம். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை வகுப்பில் அரை மணி நேரத்தைத் திரைப்பட உரையாடலுக்கு ஒதுக்க நாம் ஆயத்தமாக உள்ளோம். அடுத்த ஆண்டு மலரில் இப்பக்கத்தை மாணவர்களே எழுதவேண்டும் என்பது எமது அவா. “ஆசிரியர் போன ஆண்டு எழுதியது பிழை, ‘வீடு’ சலிப்பூட்டும் படமே, காரணம் இதுதான்” என்று ஒரு மாணவர் பிழையின்றித் தமிழில் எழுதுவாராயின், எமது சனிக்கிழமைகளுக்கு அதைவிடப் பெரிய கைம்மாறு வேறில்லை.

விழா இனிதே நிறைவுற எமது நல்வாழ்த்துகள். இன்றிரவு வீடு திரும்பியதும், மேடையில் கண்ட நிகழ்ச்சிகளில் எது நன்றாக இருந்தது, எது நன்றாக இல்லை என்று உங்கள் பிள்ளையைக் கேளுங்கள். விடை வரும்வரை பொறுத்திருங்கள்.